கல்யாண மாவு

மாப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் ரானோவின் முகத்தில் சின்னதாக ஏதோ மோதிவிட்டுப் பறந்தது. சாம்பல் நிற அந்துப்பூச்சி. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இஸ்ஃபராவில் அந்துப்பூச்சி பறக்காத வீடு எது? ஆனால் கிண்ணத்தை விட்டு அள்ளியபோது மாவு பொலபொலவென்று உதிரவில்லை. நூலில் கோத்ததுபோலக் கட்டி கட்டியாகத் தொங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மாவு நெளிந்தது.

கிண்ணத்தை அப்படியே கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த அரிசிச் சாக்கின் வாயை அவிழ்த்தாள். ஒரு கை அள்ளியதுமே கருவண்டுகள் விரலிடுக்கில் ஏறின. ஆப்ரிகாட் வற்றல் வைத்திருந்த மூட்டையைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு தொட்டாள். ஒரு பழத்தைப் பிய்த்தாள். உள்ளே கொட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் புழு ஒன்று சுகமாகச் சுருண்டு படுத்திருந்தது.

ரானோ உக்கிராண அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் இரண்டு வாரத்தில் கொழுந்தன் பஹ்ரொமுக்குக் கல்யாணம். இந்த மாவில்தான் ரொட்டி சுட்டு, அடுக்கித் துணியில் கட்டிப் பெண்வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். இந்த அரிசியில்தான் தெரு முழுக்கச் சாப்பிட ஓஷ் என்ற இறைச்சிச் சோறு கிண்ட வேண்டும். எல்லாம் அவள் பொறுப்பில் இருந்த சாமான்கள். தவறும் அவளுடையதுதான். கோடையில் புது மாவு வந்தபோது பெட்டியின் அடியில் பழைய மாவு ஒரு சாண் கிடந்தது. அதை வழித்து, பெட்டியைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் புதிதைக் கொட்டவேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்தாள். அன்றைக்கு ரானோ அம்மா வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தாள். பழசின் தலையிலேயே புதுசைக் கொட்டி மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மாமியார் சொலிஹா, 'கெலின்' என்று கூப்பிடும் தன் மருமகளை அடித்ததில்லை. திட்டியதும் குறைவு. பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் ரானோ கையிலிருந்த வேலையைக்கூட மறந்துவிடுவாள். கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்தும் அவள் மடியில் ஒரு குழந்தை இல்லை. அதைச் சொலிஹா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவள் தங்கை மத்லூபா கேட்டிருக்கிறாள். போன பெருநாளுக்கு வந்திருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் ரானோ தட்டுகளோடு நிற்பது தெரியாமல், "சில பேரு கை ராசி அப்படிக்கா, அவ தொட்டா எதுவும் பெருகாது" என்றாள். சொலிஹா அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பது ரானோவின் காதில் விழவில்லை. பதிலே சொல்லவில்லையோ என்னவோ.

இப்போது பெருகியிருக்கிறது. அவள் கை பட்டுப் பெருகியது இதுதான்.

அடுத்த சில நாட்கள் அவள் திருடியைப்போலத் திரிந்தாள். மாமியார் தொழுகைக்கு நிற்கும் நேரம் பார்த்து உக்கிராண அறைக்குள் நுழைந்து மாவு சலிப்பாள். மாவை முற்றத்தில் விரித்து வெயில் காட்டினால் பாதிப் பூச்சி ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முற்றத்தில் விரித்தால் மாமியாருக்கும் தெரியும், மதில்மேல் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஓய்தினுக்கும் தெரியும், ஓய்தினுக்குத் தெரிந்தால் கால்வாய்க்கு அக்கரை வரைக்கும் தெரியும். சலித்து வைத்த மாவை இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மறுபடியும் நூல் கட்டியிருந்தது. முட்டைகளைச் சல்லடை என்ன செய்யும்?

ஒரு சாயங்காலம் ஓய்தின் தேநீர் குடிக்க வந்திருந்தாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது உக்கிராண அறைக் கதவின் மேலிடுக்கு வழியாக அந்துப்பூச்சி ஒன்று வந்து, விளக்கைச் சுற்றி, நேராக ஓய்தினின் கிண்ணத்தில் விழுந்தது.

"பாருங்க சொலிஹாக்கா!" ஓய்தின் கிண்ணத்தை உயர்த்திக் காட்டினாள். "நாங்கெல்லாம் பத்திரிக்கைக்குக் காத்துக் கெடக்கோம், இது அழைக்காமயே பந்திக்கு வந்துருச்சு."

"கம்பளத்துப் பூச்சியா இருக்கும்" என்றாள் சொலிஹா.

"கம்பளத்துப் பூச்சியா? இது மாவுப் பூச்சிக்கா. மாவுல புழு விழுந்தா வீட்டுல பரக்கத்து நிக்காதும்பாங்க. கல்யாணத்த வச்சிக்கிட்டு..."

"ஒன் வாயில மொதல்ல நல்லது வரட்டும். கெலின், அவளுக்கு வேற கிண்ணத்துல ஊத்து."

ரானோ ஊற்றினாள். தேநீர் கிண்ணத்தைத் தாண்டித் தரையில் வழிந்தது. சொலிஹா மருமகளின் கையைப் பார்த்தாள். பிறகு உக்கிராண அறைக் கதவைப் பார்த்தாள்.

மறுநாள் ரானோ சந்தைக்குப் போனாள். விதையும் எலிப் பாஷாணமும் விற்கிறவனின் கடை சந்தையின் கோடியில், கோழி விற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தானியத்துப் பூச்சிக்கு மருந்து வேண்டும் என்றாள்.

"வீட்டுக்கா, கெடங்குக்கா?"

"கெடங்குக்கு" என்றாள். வீட்டுக்கு என்றால் இன்னும் நாலு கேள்வி கேட்பான் என்று தோன்றியது.

அவன் பெட்டிக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியக் குழாயை எடுத்தான். அதிலிருந்து சில மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையில் தட்டி, பையை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"வச்சதும் கதவ அடைச்சிரணும். சந்து பொந்தெல்லாம் துணி வச்சு அடை. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காத. ஈரம் மட்டும் படவே கூடாது. பூண்டு வாடை மாதிரி அடிக்கும். அடிச்சுதுன்னா நின்னு மோந்து பாக்காத, ஓடு."

"ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவன் கை நின்றது. "ஏம்மா, வண்டு விடுற மூச்சு வேற, நீ விடுற மூச்சு வேறயா? இதுக்கு மாத்து மருந்தே கெடையாது. கெடங்குன்னுதான சொன்ன?"

"கெடங்குதான்."

"ஆளு பொழங்காத கெடங்குதான?"

"ஆமா" என்றாள் ரானோ. கையிலிருந்த பை ஒரு கோழிக்குஞ்சின் எடைகூட இல்லை. வீடு வரும்வரை அதை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்துக்கொண்டு வந்தாள்.

வழி தானாகத் திறந்தது. மத்லூபாவைக் கல்யாணத்துக்கு அழைத்துவரச் சொலிஹா கொனிபொதொமுக்குப் புறப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு வியாழன் காலையில் வண்டியேறினாள். பஹ்ரொம் தன் புதுக் குடித்தன அறைக்கு வெள்ளையடித்துவிட்டு, ஈரம் காயும்வரை சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தான். ரானோவின் புருஷன் இஸ்கந்தர் ஹொஜந்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவன். விடியும் முன் போனால் இருட்டிய பின் வருவான். அவனும் ரானோவும் படுப்பது முற்றத்துக்கு எதிர்ப்பக்க அறையில். உக்கிராண அறைக்கு ஒட்டியிருந்தது பெரிய அறை ஒன்றுதான். அதில் படுக்கிறவள் சொலிஹா மட்டும். அவளோ ஊரில் இல்லை.

ரானோ மாத்திரைகளைத் தேநீர்த் தட்டுகளில் பிரித்து, சாக்குகளுக்குப் பின்னால் வைத்தாள். கூரையிலிருந்து பூண்டுச் சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் வாடையா மாத்திரையின் வாடையா என்று புரியாமல் வெளியே ஓடிவந்தாள். பழைய போர்வையைக் கிழித்துக் கதவிடுக்கில் திணித்தாள். பூட்டினாள். பிறகு பெரிய அறையின் ஜன்னலையும் திறந்து வைத்தாள். ஞாயிறு வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். தட்டுகளை எடுத்துப் புதைத்துவிட்டு, செத்த பூச்சிகளைச் சலித்துக் கொட்டிவிடலாம். அந்த மாவைத் தின்னலாமா என்ற கேள்வி அவளுக்குள் ஒரு தடவை எழும்பியது. அதை அவள் அமுக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. மத்தியானத்துக்கு மேல், கடையில் வாங்கிய பொட்டல மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஓய்தின் வீட்டுத் தந்தூருக்குப் போனாள். தன் வீட்டில் அடுப்பு மூட்டவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கல்யாண வீட்டுக்காரி பொட்டல மாவத் தூக்கிட்டு வர்றா! மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கீங்களே, அதெல்லாம் எதுக்கு? அழகு பாக்கவா?" என்றாள் ஓய்தின்.

"அதத் தொடக்கூடாதுன்னு அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"ஒங்கத்தை சொன்னா நீ மூச்சுகூட விடமாட்ட."

ரொட்டி வெந்து முடிய நேரமானது. மழைக்கு ஒதுங்கி ஓய்தின் கதை பேச, ரானோ உம் கொட்டிக்கொண்டிருந்தாள். சூடான ரொட்டிகளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தவள், தாழ்வாரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

வாசற்படியில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள். சேறு இன்னும் காயவில்லை.

பெரிய அறையின் ஜன்னல் மூடியிருந்தது. புகைக்குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ரொட்டி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. கதவைத் தள்ளியபோது சூடான காற்று முகத்தில் அறைந்தது. அதில் பூண்டு வாடை இருந்தது. பூண்டும் கெட்டுப்போன மீனும் சேர்ந்த வாடை. இரும்பு அடுப்பு கணகணவென்று எரிந்தது. உக்கிராண அறைக் கதவு ஒரு முழம் திறந்து கிடந்தது. அதன் பூட்டில் சொலிஹாவின் சாவி தொங்கியது. கிழிந்த போர்வைத் துண்டுகள் தரையில் கிடந்தன. நடுவில் தேநீர்க் கெண்டி, ஒரு தட்டில் வாதுமைப் பருப்பு, திராட்சை. அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பஞ்சு ரஜாய்கள், அவற்றுக்குள் இரண்டு உருவங்கள்.

"அத்தை! எந்திரிங்க! அத்தை!"

சொலிஹாவின் ரஜாய் அசைந்தது. "என்ன கெலின்... வீடு பத்திக்கிச்சா?" குரல் குழறியது. எழுந்து உட்கார்ந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை ஏன் இப்படி இடிக்குது?"

"வெளிய வாங்க. மொதல்ல வெளிய வாங்க!"

"மழையில எங்க..."

ரானோ மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். இந்த மூன்று வருஷத்தில் அந்த உடம்பை அவள் தொட்டதே கிடையாது. சொலிஹா அதட்ட வாயெடுத்தாள், கால் பின்னியது, மருமகளின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தாழ்வாரத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு ரானோ உள்ளே ஓடினாள். மத்லூபா எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தட்டியதும் கண் திறந்தது, ஆனால் கண்ணில் பார்வை இல்லை. ரஜாயோடு சேர்த்துத் தரதரவென்று இழுத்தாள். வாசற்படியில் மத்லூபாவின் தலை இடித்தது. மழைச்சாரல் பட்டதும் அவள் ஒருக்களித்து வாந்தியெடுத்தாள்.

ரானோ கத்திய கத்தலில் ஓய்தின் மதிலைச் சுற்றி ஓடிவந்தாள். இரண்டு பெண்களையும், புகைக்குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கரிப்புகை! ஐயோ, கரிப்புகைதான் அடிச்சிருக்கு! ஷுராப் சுரங்கத்துக் கரிய வாங்காதீங்க, ஈரமா இருக்குன்னு நான் எத்தன தடவ சொன்னேன்! குழாய சுத்தம் பண்ணியாடி நீ?"

ரானோ அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்புதானடி?"

ரானோவின் தலை மேலும் கீழும் ஆடியது. தான் ஆட்டியதாகவே அவளுக்குத் தெரியவில்லை. அது தானாக ஆடியது.

"அப்ப பயப்படாத. காத்தாட விட்டா தெளிஞ்சிரும். என் அண்ணன் வீட்டுல நடக்கல? புளிச்ச மோர் குடுத்தோம், மறுநாள் வயலுக்குப் போயிட்டாரு. இரு, மோர் கொண்டாறேன்." ஓய்தின் ஓடினாள்.

ரானோ இருவருக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தாள். அடுப்பு என்று எல்லோரும் சொல்லட்டும். அடுப்பின்மேல் யாருக்கு என்ன கோபம்? தெளிந்துவிடும். சொலிஹா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். மத்லூபாவின் கன்னத்தில்கூட நிறம் வருவதுபோல இருந்தது. தெளிந்துவிடும். சாயங்காலம் தட்டுகளை எடுத்துப் புதைத்துவிட்டால்...

மத்லூபா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. "நெஞ்சு" என்றாள். "நெஞ்சுல யாரோ உக்காந்திருக்காங்க." உதடு நீலம் பாரித்திருந்தது.

இதுக்கு மாத்து மருந்தே கெடையாது. அந்தக் கடைக்காரனின் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. மோர் குடித்து இது போகாது. இங்கே உட்கார்ந்து காத்திருந்தால் இந்த அம்மாள் தன் கையைப் பிடித்தபடியே செத்துப்போவாள். அப்புறமும் எல்லோரும் அடுப்பு என்றுதான் சொல்வார்கள். ரானோவுக்கு அதுவரை வந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

பாவாடைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. மூன்றாவது தடவை ஆம்புலன்ஸ்காரர்கள் எடுத்தார்கள். ஒரு பெண் குரல் தெருப்பெயரைக் கேட்டது. ரானோ சொன்னாள்.

"என்ன ஆச்சு? கரிப்புகையா?"

ஓய்தின் மோர்ச் செம்போடு படியேறிக்கொண்டிருந்தாள். சொலிஹா கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தாள். ரானோ அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அதைப் பார்த்தபடியேதான் பேச வேண்டியிருந்தது.

"இல்ல. புகை இல்ல. மருந்து. தானியத்துப் பூச்சிக்கு வைக்கிற மாத்திரை. பூண்டு நாத்தம் அடிக்குமே, அது. உக்கிராண அறையில வச்சிருக்கு. நான்தான் வச்சேன்."

பிறகு அந்தக் குரல் வேகமாக மாறியது. "எல்லாரையும் வீட்ட விட்டுத் தூரமா கொண்டு போங்க. யாரும் உள்ள போகாதீங்க. வண்டி வருது."

"நாசமாப் போச்சு!" ஓய்தின் செம்பைக் கீழே போட்டுவிட்டு, ஓட்டுத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கினாள். "எங்கடி வச்ச? காட்டு, ஊத்தி அணைப்போம்!"

"தண்ணி ஊத்தாத!" ரானோ அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். வாளி உருண்டு தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. கைப்பேசியிலிருந்தும் அந்தப் பெண் அதையேதான் கத்திக்கொண்டிருந்தாள். "தண்ணி படக்கூடாது! பட்டா இன்னும் அதிகமாக் கெளம்பும்! யாரும் உள்ள போகக்கூடாது!"

இருவரும் சேர்ந்து மத்லூபாவை ரஜாயோடு தூக்கித் தெருவாசலுக்குக் கொண்டுபோனார்கள். சொலிஹா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். மழையில் நனைந்துகொண்டே தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மத்லூபாவை ஒரு கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சொலிஹாவின் மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்து நடைபாதைக் கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். ரானோவின் நாடியையும் பிடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா களைத்த முகத்தோடு வந்தாள்.

"எத்தன மணிக்கு உள்ள படுத்தாங்க?"

ரானோவுக்குத் தெரியவில்லை. சொலிஹாதான் குழாயை விலக்கிக்கொண்டு, மத்லூபாவின் அவசரத்தில் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டோம், மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தோம் என்றாள்.

"நீங்க மருந்துன்னு சொன்னது நல்லதாப் போச்சு. கரிப்புகைன்னு சொல்லியிருந்தா மோரக் குடுத்து வீட்டுலயே வச்சிருப்பீங்க. மாத்து மருந்து இதுக்குக் கெடையாது. இதயம் தாங்குதான்னுதான் பாக்கணும். இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்."

இஸ்கந்தர் வந்தபோது ரானோ சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்தின் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் ரானோவின் முன்னால் வந்து நின்று, "புழுவுக்கா?" என்றான். "ஏ ரானோ, புழுவுக்கா?" பிறகு தன் தாயின் கட்டிலுக்குப் போய்விட்டான். அவன் தோள் குலுங்கியதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். அவனைப் போய்த் தொட அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் செத்துவிட்டாள் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். போலீஸ் வரும் என்று நினைத்தாள். தன் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தாள். நினைவு ஒன்றிலும் நிற்காமல் பெரிய அறையின் சூடான காற்றுக்கே திரும்பத் திரும்பப் போனது. ஓய்தின் இன்னொரு கதை ஆரம்பித்திருந்தால்? மழை இன்னும் வலுத்திருந்தால்?

சனிக்கிழமை மத்தியானம் சொலிஹா கட்டிலிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள். ரானோ போய்த் தலைகுனிந்து நின்றாள்.

"புழு எப்பலேர்ந்து?"

"போன வாரந்தான் பாத்தேன் அத்தை. பழைய மாவ வழிக்காம கொட்டிட்டேன். கோடையில. நீங்க சொல்லியும்..."

"ஓய்தின் கிண்ணத்துல விழுந்தப்பவே எனக்குத் தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்தேன்." சொலிஹா மூச்சு வாங்கினாள். "என் மாவுல புழுவே விழுந்ததில்லன்னு நெனச்சியா? ஒன் மாமனார் எறந்த வருஷம் மாவு மூட்டை மூட்டையாப் போச்சு. சலிச்சேன், வெயில்ல போட்டேன், சுட்டேன். நாப்பதாம் நாள் சாப்பாட்டுக்குத் தெருவுக்கே அந்த ரொட்டிதான். ஓய்தின் நாலு தின்னா, வீட்டுக்கும் ரெண்டு கொண்டுபோனா."

ரானோவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. நீ புழுவுக்குப் பயந்தியா, எனக்குப் பயந்தியா?"

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"ஒங்களுக்குத்தான்."

சொலிஹா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா, வலியா? ரானோ வெகுநேரம் அங்கேயே நின்றாள். கடைசியில், திரும்பாமலே, "ஏதாவது தின்னியா?" என்ற கேள்வி மட்டும் வந்தது.

மத்லூபா ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினாள். அவள் இதயம் சில நாட்கள் தாளம் தப்பி அடித்தது, பிறகு ஒருவழியாக நிலைக்கு வந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து ரானோவிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனார். சந்தைக் கோடியில் அந்தக் கடை பூட்டிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். முகமூடி போட்ட ஆட்கள் வந்து தட்டுகளை எடுத்துப்போனார்கள். மாவு, அரிசி, வற்றல் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வீடு பல நாள் கதவும் ஜன்னலும் திறந்தபடி கிடந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. பெண்வீட்டார் காரணம் கேட்டபோது சொலிஹா, "அடுப்புக் கொழாய் அடைச்சிக்கிச்சு" என்றாள். உண்மையை அறிந்த ஓய்தின் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தேநீரை ஊதி ஊதிக் குடித்தாளே தவிர, ஆச்சரியம், வாயைத் திறக்கவில்லை.

பனி விழத் தொடங்கிய பிறகு, கடையில் வாங்கிய மாவிலும் வாடகைக்கு எடுத்த அண்டாவிலுமாகப் பஹ்ரொமின் கல்யாணம் நடந்தது. மத்லூபாவும் வந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள்; படியேறினால் நின்று மூச்சு வாங்கினாள். ரானோ தேநீர் ஊற்றப் போனபோது கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ரானோ சுட்ட ரொட்டியில் ஒரு துண்டுகூட அவள் பிய்க்கவில்லை. விருந்து முழுக்கப் பெண்கள் அதைப் பார்த்தார்கள், பார்க்காததுபோலப் பாடினார்கள்.

அவள் ஊர் திரும்பும் அன்று பையை வண்டிவரைக்கும் ரானோதான் தூக்கிக்கொண்டு போனாள். மத்லூபா வண்டியில் ஏறி உட்கார்ந்து, ரஜாயைக் காலில் போர்த்திக்கொண்டு, கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"ஒன்ன நான் மன்னிக்கல" என்றாள்.

"தெரியும் சின்னத்தை."

"கண்ண மூடுனா அந்த நாத்தம் வருது. தூக்கமில்ல." வாசலில் துணி உலர்த்தக் கட்டிய கம்பியிலிருந்து பனி உருகிச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ அன்னிக்கு வாயத் தொறந்து சொல்லலேன்னா என்னப் பொதைச்சிருப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னா. அதுவும் தெரியுது எனக்கு. எத எங்க வைக்கிறதுன்னு தெரியல, போ."

கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கால்வாய்ப் பாலத்தில் திரும்பும்வரை ரானோ கையை உயர்த்தவும் துணியாமல் நின்றாள். பிறகு உள்ளே போனாள். பெரிய அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சொலிஹா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். ரானோ வாசலிலேயே நின்று காற்றை முகர்ந்தாள். கரியின் வாடை மட்டும்தான். ஆனாலும் அந்த ரஜாய் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை, அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.